இல்லாதவரின் பக்கம்

அவர் இருக்கும் அறையில், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி யாரும் குறை சொல்லித் தப்ப முடியாது. சொன்னால், கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "அவர் இங்க இருந்தால் இதுக்கு என்ன சொல்லுவார்?" என்று கேட்பார். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. பதிலையும் தானே சொல்லத் தொடங்கிவிடுவார்.

அயர்லாந்துக்காரி. தாதி வேலைக்கென்று இளம் வயதில் தனியே கப்பலேறி லண்டனுக்கு வந்தவர். நான் அறியும்போது ஓய்வுபெற்று, மனோர் பார்க்கில் நெருக்கியடித்து நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தார். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் ஊற்றுவது அவர்தான். யாழ்ப்பாணத்துச் சனம், மன்னார்ச் சனம், ஐரிஷ்காரர், ஆபிரிக்கர் எல்லாரும் அவரை அன்ரி என்றோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எங்கள் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு "தம்பி" என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். என்னையும் தம்பி என்பார், சுவாமியாரையும் தம்பி என்பார், என் மனைவி ஜெசிந்தாவையும் கொஞ்சக் காலம் தம்பி என்றுதான் கூப்பிட்டார். மற்றபடி அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் எனக்கு அவர் நினைவில் வரும்போது எங்கள் தமிழிலேயே பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கண் சோதிக்கிறவன் அல்ல, சட்டத்தில் வில்லைகளைப் பொருத்துகிறவன். அவரை முதலில் கண்டது அங்கேதான். தன் கண்ணாடிக்கு மேலேயே உட்கார்ந்து அதை வளைத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் அதை நிமிர்த்திக்கொண்டே, பிழையான வில்லைகளை அனுப்பிவிட்ட ஓர் ஆளைப் பற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் முறையிட்டேன். "அந்த மனிசனுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை."

"அவருக்கு அண்டைக்குக் காய்ச்சலா இருந்திருக்கலாம்," என்றார் கதிரையில் இருந்த கிழவி.

"உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

"தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இங்க இல்லை. அதாலதான் நான் சொல்ல வேண்டிக் கிடக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு அன்றைக்குத் தொடங்கிய யோசனை, பல வருடம் என்னை விடவில்லை.

அவர் வீட்டுக்குக் கிட்டத்தான் முருகன் கோயில். தேர் நாளில் தெருவெல்லாம் காராக இருக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி, தன் வாசலை அடைத்துவிட்டார்கள் என்று கோயிலுக்கு வந்த சனத்தைத் திட்டினார். அன்ரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வருடத்தில் ஒரு நாள் தங்கள் சாமியை வெளியே கூட்டிவருகிறார்கள், நீயென்றால் வீட்டிலா இருப்பாய் என்று கேட்டு அந்த மனிதரை உள்ளே அனுப்பினார். அதே பின்னேரம் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் காரை எடுக்க வந்து, "இந்தத் தெருவில இருக்கிற வெள்ளையளுக்குப் பொறாமை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்ரி அவரையும் விடவில்லை. "அந்த மனிசன்ரை பெஞ்சாதி நடக்கேலாதவா. அம்புலன்ஸ் வந்தால் எங்க நிப்பாட்டுறது எண்டு அவருக்குப் பயம். உள்ளுக்கு இருக்கிறார், கூப்பிடட்டோ?" அந்தப் பெண் காரில் ஏறிப் போய்விட்டார். ஒரே நாளில் இரண்டு பக்கமும் கோபம் சம்பாதித்தது பற்றி அன்ரிக்கு ஒரு கவலையும் இல்லை.

மண்டபத்தில் அவருக்குச் சரியான எதிராளி ஒருவர் இருந்தார். லண்டனில் சுரங்கப்பாதை தோண்ட வந்து, கிழவராகி, காது மந்தமாகிப்போன ஓர் ஐரிஷ்காரர். ஐரிஷ்காரரின் புனிதர் திருநாளன்று அவர் பச்சைக் கழுத்துப்பட்டி கட்டி வந்து, சில நூற்றாண்டுகளுக்கு முன் அயர்லாந்துக்குப் படையோடு வந்த ஆங்கிலத் தளபதி ஒருவனைப் பற்றிக் கத்துவார். ஊரூராக வெட்டிச் சாய்த்து, நிலத்தைப் பறித்து, கத்தோலிக்கரை மேற்கே கல்லுக்காட்டுக்குத் துரத்தியவன் அவன். பெயரைச் சொன்னால் ஐரிஷ்காரருக்கு இன்றைக்கும் முகம் மாறும். ஒரு வருடம் கிழவர் வேண்டுமென்றே அன்ரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவனுக்கும் கதைப்பியோ? சொல்லு பாப்பம்!"

அன்ரி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் இருந்தது."

"அதுக்கு?"

"மருந்து இருந்ததாம். கத்தோலிக்கக் குருமார் கொண்டுவந்த மருந்து எண்டபடியால் குடிக்க மாட்டன் எண்டு நிண்டவனாம்."

"அப்ப அவன் முட்டாளெல்லோ!"

"முட்டாள் எண்டு சொல்லு. அது நியாயம். பேய் எண்டு சொல்லாத."

கிழவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் இரண்டு ஐரிஷ் பெண்கள் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் அதன்பிறகு அன்ரியின் கையால் தேநீர் வாங்கியதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் பரிந்து பேசி நான் கேட்டதில்லை. அது பஞ்சம். உருளைக்கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகி, வாயெல்லாம் புல்லின் பச்சையோடு சனம் தெருவோரம் செத்துக் கிடந்த காலத்தில், அதே நாட்டின் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போயின. மிஞ்சியவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சுரங்கக் கிழவர் இதைச் சொல்லி ஆங்கில நிலக்காரரை ஏசும்போது அன்ரி பேசாமல் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருப்பார். நான் காரணம் கேட்டேன்.

"அவைக்கு நான் ஏன் கதைக்க வேணும்? அவை இங்கதான் இருக்கினம். அவையின்ரை சிலையள் தெருவெல்லாம் நிக்குது. இல்லாமல் போனது எங்கட சனமெல்லோ, தம்பி."

அப்போதுதான், அவருடைய பழக்கம் வெறும் விதண்டாவாதம் இல்லை, அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அதன்பிறகு அவரிடமிருந்து கதைகளைப் பிடுங்கத் தொடங்கினேன். வட அயர்லாந்து பிரித்தானியாவோடு இருப்பதா, தெற்கோடு சேருவதா என்று சண்டை நடந்த காலத்தில் ஆயுதக்காரர் லண்டனில் குண்டுகள் வைத்தார்கள். அன்ரி அப்போது ஆஸ்பத்திரியில் வேலை. குண்டில் கால் போன ஓர் ஆங்கில இளைஞனுக்குக் கட்டு மாற்றப் போனார். "வலிக்குதோ" என்று கேட்ட ஒரு சொல்லில் அவன் அவருடைய ஊரைக் கண்டுபிடித்துவிட்டான். "என்னைத் தொடாதே, உன்ரை ஆக்கள்தானே செய்தது," என்று கத்தினான். அன்ரி வேறொரு தாதியை அனுப்பினார். சாப்பாட்டு நேரம் மற்ற ஐரிஷ் தாதிமார் அவனைத் திட்டினார்கள். அவனுக்காகப் பேசியது அன்ரி.

"குண்டு வைச்சவன் அவன்ரை கண்ணுக்கு முன்னால நிக்கேல்லை. என்ரை குரல்தான் நிண்டது. அவன் வேறை ஆரைக் கோவிக்கிறது?"

"அப்ப குண்டு வைச்சவைக்கும் கதைச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"கதைச்சன். அதே கிழமை வார்டில எல்லாரும், பிடிச்சுத் தூக்கில போட வேணும் எண்டினம். ஆர் எண்டு தெரியாமல் ஆரைப் போடப் போறியள், அவையும் வாய் திறக்கட்டும் எண்டன். அதுக்குப் பிறகு கனநாள் நான் தனியத்தான் இருந்து சாப்பிட்டனான்."

அந்தக் காலத்தில் பிழையான ஐரிஷ்காரரைப் பிடித்து வருடக்கணக்காகச் சிறையில் வைத்திருந்து, கடைசியில் குற்றமற்றவர்கள் என்று விட்டது ஊரறிந்த கதை. அன்ரி அதைச் சொல்லிப் பெருமைப்படவில்லை. நான்தான் அவருக்கு நினைவூட்டினேன். "அது எனக்கு அப்ப தெரியாதே. உண்மையா வைச்சவங்களைப் பிடிச்சிருந்தாலும் நான் அதைத்தான் கேட்டிருப்பன்," என்றார்.

இதையெல்லாம் எழுதும்போது, அவர் ஒரு ஞானி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய பழக்கம் ஒருமுறை ஓர் ஆளைக் காயப்படுத்தியது. மன்னாரிலிருந்து வந்த ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடு சில வாரமாகப் பூசைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு மண்டபத்தில், ஜெசிந்தாவுக்கும் அன்ரிக்கும் நடுவே இருந்து, புருசனை விட்டு வந்த கதையைச் சொன்னாள். அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அவர் இங்க இருந்தால் இதுக்கு என்ன சொல்லுவார்?"

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவர் இங்க இருந்தால் நான் இங்க இருக்கேலாது," என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள் பிறகு எங்கள் கோயிலுக்கு வரவே இல்லை.

அன்ரி கேக் செய்து எடுத்துக்கொண்டு அவள் இருந்த இடத்தைத் தேடிப் போனார். கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வரவும் மனமில்லாமல் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு மேசையில் வைத்தார்.

"சில பேர் தாங்கள் இல்லாத இடத்திலயும் இருக்கினம்," என்றார் ஜெசிந்தாவிடம். "இவ்வளவு வயசாகியும் அது எனக்கு விளங்கேல்லை."

அதன்பிறகு, கண்ணாடியை ஏற்றுவதற்கு முன் எதிரில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்ப்பார். சில சமயம் உயர்ந்த கை அப்படியே இறங்கிவிடும்.

கோயில் பீடத்துத் துணிகளை இஸ்திரி போடுவதும் அவர்தான். ஒரு சனிக்கிழமை அவற்றை வாங்கிவரப் போயிருந்தேன். வேலை முடியவில்லை. அவர் துணியில் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருக்க, நான் நேரடியாகவே கேட்டேன். "அன்ரி, இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்க இருந்து வந்தது?"

"சாப்பாட்டு மேசையில இருந்து," என்றார். பிறகு சொன்ன கதை இது.

அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் இளவயதில் ஒரே மலையில், ஒரே குழுவில் பிரித்தானியருக்கு எதிராகச் சண்டை பிடித்தவர்கள். ஒருவரின் சப்பாத்தை மற்றவர் மாறிப் போட்டுத் திரிந்தவர்கள். பிறகு லண்டனில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தெற்குக்கு ஒரு மாதிரியான சுதந்திரம். வடக்கில் ஆறு மாவட்டம் பிரித்தானியாவோடு. புதுப் பாராளுமன்றத்தில் இருப்பவர்கள் ஆங்கில ராசாவுக்கு விசுவாசச் சத்தியம் எடுக்க வேண்டும். கிடைத்ததை வாங்குவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார் அப்பா. புது அரசாங்கத்தின் படையில் சேர்ந்தார். செத்தவர்களெல்லாம் இந்தச் சத்தியத்துக்காகவா செத்தார்கள் என்று கேட்டுச் சித்தப்பா மலையிலேயே நின்றுவிட்டார். பிரித்தானியர் வெளியேறிய அதே வருடம் நாடு இரண்டாகி ஒருவரையொருவர் சுடத் தொடங்கியது. சித்தப்பா ஒருநாள் காய்ந்த உடுப்பு எடுக்க வீட்டுக்கு இறங்கி வந்தபோது பிடிபட்டார். அவரைச் சுவரோடு நிறுத்திச் சுட்ட காலையில், அப்பா அதே முகாமில்தான் இருந்தார்.

"அப்பா, தம்பியை விடுங்கோ எண்டு ஒரு சொல் கேட்டிருக்கலாம்," என்றார் அன்ரி. "கேட்டிருந்தாலும் சுட்டிருப்பாங்களோ தெரியாது. ஆனால் அவர் கேக்கேல்லை."

அன்ரி பிறந்தது இதற்கெல்லாம் பல வருடத்துக்குப் பிறகு. அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அப்பா ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் தம்பியை ஏசுவாராம். முட்டாள், பிடிவாதக்காரன், நாட்டைக் கெடுத்தவன், தானே தேடிக்கொண்டான். வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்ரிக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு, "அப்பா, சித்தப்பா இங்க இருந்தால் இதுக்கு என்ன சொல்லுவார்?" என்று கேட்டுவிட்டார்.

"அடி விழப்போகுது எண்டு அம்மா கண்ணை மூடியிட்டா. அடிக்கேல்லை. அப்பா என்னையே பாத்துக்கொண்டிருந்தார். 'நீயே சொல்லு, என்ன சொல்லுவான்?' எண்டார்."

"என்ன சொன்னீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? ராசாவுக்குச் சத்தியம் எடுத்தால் நாளைக்கு எப்பிடி ராசாவை எதிர்க்கிறது எண்டு சொல்லுவார் எண்டன். அப்பா மேசையில ஓங்கிக் குத்தினார். குத்திப்போட்டு, எனக்கில்லை, தம்பிக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். அப்பிடி ஒரு சந்தோசத்தோட அவர் கதைச்சு நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அதுதான். அப்பா ஏசுவார், செத்துப்போன சித்தப்பாவுக்காக மகள் பதில் சொல்லுவாள். சொல்லுக்குச் சொல் தோற்கக் கூடாது என்று, சித்தப்பாவோடு மலையில் நின்ற ஆட்களைத் தேடிப்போய் அவர் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், எந்தப் பகிடிக்குச் சிரிப்பார் என்றெல்லாம் கேட்டுவருவாளாம். அப்பாவின் ஆட்களும் சித்தப்பாவின் ஆட்களும் கோயிலில்கூட வேறு வேறு பக்கம் இருக்கும் ஊரில், இரண்டு பக்கமும் போய்வந்த ஒரே ஆள் அவள்தான்.

அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து, அன்ரி லண்டனிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு குறைந்திருந்தது. மகளின் கையைப் பிடித்து, "அவன் என்ன சொல்லுறான்?" என்று கேட்டார்.

அன்ரி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அறை நிறைய ஆக்கள். மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுறார் எண்டு நான் சொல்ல வேணும் எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். எனக்குப் பொய் சொல்ல மனம் வரேல்லை. 'இன்னும் கோவமாத்தான் இருக்கிறார் அப்பா' எண்டன். அப்பா சிரிச்சார். 'அப்ப அவன்தான்' எண்டார்."

அவர் மடித்துத் தந்த துணிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஜெசிந்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எனக்கும் அப்படி ஒரு கதை இருந்தது.

அடுத்த முறை போனபோது அன்ரியிடம் அதைச் சொன்னேன். எனக்குப் பதின்மூன்று வயதில், எங்கள் ஊரில் இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடத் தொடங்கின. என் அண்ணை சிறிய இயக்கம் ஒன்றில் இருந்தவர். பெரிய இயக்கம் அதைத் தடை செய்த கிழமை, அண்ணையோடு ஒரே வாங்கில் படித்த சிநேகிதன் ஒருவன் படலையில் வந்து நின்றான். "வா, கதைச்சுப்போட்டு விடுறம்," என்றான். அண்ணை போனார். திரும்பி வரவில்லை. அந்தச் சிநேகிதன் இப்போது விம்பிள்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். பிள்ளையார் கோயிலில் அன்னதானம் கொடுக்கிறான். ஒரு கலியாண வீட்டில் அவனைக் கண்டு, சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

"கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தவன்," என்றேன். "நாய்."

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். கை உயர்ந்தது. ஒரு கணம் நின்றது. ஆனால் கண்ணாடி நெற்றிக்குப் போய்விட்டது.

"அவர் இங்க இருந்தால்..."

"அன்ரி, வேண்டாம்."

"எனக்கு அவர் ஆர் எண்டே தெரியாது, தம்பி. அதாலதான் கேக்கிறன்."

"உங்கட சித்தப்பாவைப் புதைக்க ஒரு உடம்பு குடுத்தவங்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. அவனுக்கு வக்காலத்து வாங்குறதெண்டால் நான் இஞ்ச வரேல்லை."

எழுந்து வந்துவிட்டேன். மண்டபத்தில் தேநீர் குடிப்பதையும் விட்டேன். பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு. ஆனால் ஜெசிந்தா அன்ரியிடம் போய்வருவதை நிறுத்தவில்லை என்று தெரியும்.

மாரி முடியும் காலத்தில் ஒருநாள் அன்ரி கடைக்கு வந்தார். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார்.

"நான் விம்பிள்டனுக்குப் போட்டுத்தான் வாறன்," என்றார்.

கடை எங்கே என்று சொன்னது ஜெசிந்தாதான். இந்தக் கிழவி ஏர்ல்ஸ் கோர்ட்டில் ரயில் மாறி, கடையைக் கண்டுபிடித்து, ஏதாவது வாங்குகிற சாட்டுக்கு ஒரு தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் போய் நின்று, என் அண்ணையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கவுன்சிலிலிருந்து கடையைச் சோதிக்க வந்த ஆளாக்கும் என்று சிரித்துக்கொண்டு நின்றவனின் முகம் அந்தப் பெயரில் செத்துப்போனதாம். கடையை அடைத்துவிட்டு, பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டானாம்.

"என்ன சொன்னவன்?"

"அது நான் காவித் திரியிற சாமான் இல்லை. நீ வந்தால் சொல்லுவன் எண்டவர். ஓம் எண்டால் போ, இல்லையெண்டால் விடு."

"அவனுக்காகக் கதைக்கத்தானே வந்திருக்கிறீங்கள்?"

"நீ என்ன விசரனோ?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "அவர் எனக்கு முன்னால இருந்தவர். இல்லாதது நீயெல்லோ. அங்க நான் உனக்காகத்தான் கதைச்சனான். நல்லாக் கத்தினன். அந்த மனிசன் பயந்துபோய்த் தேங்காயைச் சும்மா தந்துவிட்டார்."

பையிலிருந்து தேங்காயை எடுத்து மேசையில் வைத்தார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பல நாள் யோசித்தேன். பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் விம்பிள்டனுக்குப் போனேன். ஜெசிந்தா கூட வரட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கடைக்காரருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தேநீர் போட்டு வைத்துவிட்டு, மூட்டையில் கைவைத்தபடி நின்றே பேசினார். ஆயுதங்கள் எங்கே என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் தனக்குச் சொன்னார்கள் என்றார். சிநேகிதன் கூப்பிட்டால் வருவான் என்று தன்னை அனுப்பினார்களாம்.

"சந்தி மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் நடந்துதான் போனனாங்கள். கொண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன். பழைய பள்ளிக்கூடக் கதையள்தான் கதைச்சனாங்கள். சந்தியில வான் நிண்டது. வானைக் கண்ட உடனை அவனுக்கு விளங்கியிட்டுது. எனக்குத்தான் விளங்கேல்லை. ஏறேக்க ஹாண்டிலை என்ரை கையில தந்தவன். 'இதைத் தம்பியிட்டைக் குடுத்துவிடு, அவனுக்குப் பள்ளிக்கூடம் தூரம்' எண்டான்."

மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"விடியக்காலமை கொண்டுவந்து உங்கட வேலியில சாத்திப்போட்டுப் போட்டன். தட்டிக் குடுக்கத் துணிவு வரேல்லை."

அந்தக் காலையை நான் மறந்ததில்லை. வேலியில் சைக்கிளைக் கண்டு அம்மா போட்ட சத்தத்தில் அயலெல்லாம் ஓடிவந்தது. ஆளை முடித்துவிட்டோம் என்று சொல்லாமல் சொல்லத்தான் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஐயா சொன்னார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். அம்மா அதை ஒருவரையும் தொட விடவில்லை. மழையில் நனைந்து, கறள் பிடித்து, சங்கிலி அறுந்து, வேலியோடு வேலியாகப் போனது. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போனேன்.

"பிறகு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையோ? அவரை என்ன செய்தவை எண்டு?"

"ஒருக்காக் கேட்டனான். கேக்காத எண்டினம். பிறகு கேக்கேல்லை."

அண்ணை எங்கே கிடக்கிறார் என்று அவருக்கும் தெரியாது. நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பு அவரும் கேட்கவில்லை. என் தேநீர் ஆறி ஆடை படர்ந்திருந்தது. "வேறை போடட்டோ?" என்றார். போடுங்கோ என்றேன்.

அன்ரியிடம் போய் எல்லாம் சொன்னேன். கடைசியில், "கோவம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு."

"திரும்பப் போவியோ?"

"தெரியாது. போவன் போலக் கிடக்கு."

"அப்ப சரி," என்றுவிட்டு, ஜெசிந்தாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

அடுத்த மாரிக்கு அவர் இல்லை. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். அடக்கப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. சுரங்கக் கிழவரை இருவர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பின் வாங்கில், பூசைக்குப் பழக்கமில்லாதவர் எழும்புவதா இருப்பதா என்று முன்னால் இருப்பவரைப் பார்ப்பதுபோல, விம்பிள்டன்காரர் இருந்தார். அவருக்கு யார் அறிவித்தது என்று நான் ஜெசிந்தாவைக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மனோர் பார்க் நிலையம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. என்னிடம்தான் குடை இருந்தது. மேடையில் நிற்கும்போது அவர் கேட்டார்.

"அந்த மனிசி எனக்கு உன்னைப் பற்றிச் சொன்னது உண்மையோ?"

"என்ன சொன்னவா?"

"கொண்ணையைப் பற்றிச் சொல்லேக்க, தன்ரை வீட்டில இருந்து சின்னப் பிள்ளை மாதிரி நீ அழுதனி எண்டு. அதைக் கேட்டுத்தான் நான் உன்னை வரச்சொன்னனான். மற்ற ஏச்சுகளுக்கெல்லாம் நான் அசையேல்லை."

அன்ரிக்கு முன்னால் நான் ஒருநாளும் அழுததில்லை. அண்ணைக்காக யாருக்கு முன்னாலும் அழுததில்லை. அண்ணை படலை தாண்டிப் போன நாளிலும் இல்லை, வேலியில் சைக்கிளைக் கண்ட காலையிலும் இல்லை.

ரயில் வந்து கதவு திறந்தது. அவர் ஏறாமல் என் பதிலுக்கு நின்றார்.

"ஓம்," என்றேன். "அழுதனான்."

கதவு மூடும்வரை அவர் என் தோளில் கையை வைத்திருந்தார். அந்த ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்காக இருவரும் ஒரு குடைக்குள் நின்றோம்.